பிட்யூட்டரி கட்டி: மாத்திரையா, மூக்குவழி அறுவையா?

மூளையின் அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி பிட்யூட்டரி. ஸ்கேனில் அதில் கட்டி தெரிந்தால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) அளவைப் பார்த்தாக வேண்டும். மாத்திரையை முதல் சிகிச்சையாக நம்பக்கூடியது புரோலாக்டின் சுரக்கும் கட்டியில்தான்.

அது மில்லிலிட்டருக்கு 200–250 நானோகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் புரோலாக்டினோமா, அதாவது புரோலாக்டின் சுரக்கும் கட்டி. கட்டி 1 செ.மீ.க்கு மேல், புரோலாக்டின் 100-க்குள் என்றால் சந்தேகப்படுங்கள். சுரக்காத கட்டி பிட்யூட்டரியின் தண்டை அழுத்தினாலும் அவ்வளவு ஏறும். அதற்கு மாத்திரை கொடுத்தால் எண் இறங்கும், கட்டி அப்படியே நிற்கும். மிகப் பெரிய கட்டியில் ஹார்மோன் அளவுக்கு மீறிப் பெருகி, கருவி குறைத்துக் காட்டுவதும் உண்டு. மாதிரியை 100 மடங்கு நீர்த்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன், டோம்பெரிடோன், தைராய்டு குறைவு, கர்ப்பம் எல்லாமே புரோலாக்டினை ஏற்றும்.

மாத்திரை என்றால் கேபர்கோலின். வாரத்துக்கு 0.25 முதல் 0.5 மி.கி.யில் தொடங்கி, படுக்கப்போகும் முன் உணவோடு எடுத்தால் குமட்டலும் தலைசுற்றலும் குறையும். புரோமோகிரிப்டினை தினமும் விழுங்க வேண்டும், குமட்டலும் அதிகம். கேபர்கோலினில் பலர் கோட்டைவிடுவது மனமாற்றத்தை: சூதாட்டம், கண்மூடித்தனமான செலவு, அடங்காத காமம். நோயாளி வெட்கப்பட்டு மறைப்பார். வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குறைந்தது 2 ஆண்டு எடுக்க வேண்டியிருக்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பும்.

அறுவை எண்டோஸ்கோப் வழியே மூக்கின் பின்புறம் நடக்கிறது. 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டி, கைதேர்ந்த மருத்துவர் என்றால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். அதனால்தான் 2023-இல் பிட்யூட்டரி சொசைட்டியின் வழிகாட்டுதல், சிறிய புரோலாக்டினோமாவுக்கு அறுவையையும் முதல் தெரிவாக முன்வைக்கலாம் என்றது. ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு இது நியாயமான வழி. கட்டி பக்கத்து கேவர்னஸ் சைனஸுக்குள் (முக்கிய ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடும் இடம்) புகுந்திருந்தால் முழுதாக எடுக்க முடியாது. அங்கே மாத்திரைக்கே முதலிடம்.

அறுவைக்குப் பின் குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும் வந்தால் உடனே சொல்ல வேண்டும். நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனவருக்கும் ஒரு வாரத்தில் சோடியம் சரியலாம். 7-ஆம் நாளையொட்டி ரத்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

வளர்ச்சி ஹார்மோன் மிகும் அக்ரோமெகாலிக்கும், கார்ட்டிசோல் ஹார்மோன் மிகும் குஷிங் நோய்க்கும் முதலில் அறுவைதான், மருந்து துணைக்கு. எதையும் சுரக்காத சின்னக் கட்டி பார்வை நரம்பைத் தொடாவிட்டால், ஓராண்டில் மறு எம்.ஆர்.ஐ. போதும். கதிர்வீச்சு வேலைசெய்யவே ஆண்டுக்கணக்காகும், மற்ற ஹார்மோன்களும் மெல்லக் குறையலாம். மிச்சக் கட்டி வளரும்போது மட்டும் அதை நாடலாம்.

திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, பார்வை மங்கல், வாந்தி மூன்றும் சேர்ந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது எந்தத் தெரிவுக்கும் முன்னால் ரத்தக்குழாய் வழியே ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஏற வேண்டும்.