லைட்ரூம் கிளாசிக்: கணினியிலிருந்து கைத்தொலைபேசிக்கு

மணவறையில் தாலி கட்டிய படத்தைக் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர் அன்றிரவே பார்க்க விரும்புவது யாழ்ப்பாணத்துத் திருமணங்களில் வழமை; அதற்கு அடோபி லைட்ரூம் கிளாசிக் என்ற படத் திருத்த மென்பொருள் உண்மையாகவே கைகொடுக்கிறது. கணினியில் படங்களை ஒரு தொகுப்பாக்கி ஒத்திசைவை இயக்கினால், மூலப்படம் வன்தட்டிலேயே இருக்க, நீண்ட பக்கம் 2560 பிக்சல் கொண்ட ஸ்மார்ட் பிரிவியூ என்ற சிறிய பிரதி மட்டுமே அடோபியின் இணையச் சேமிப்பான கிளவுட்டுக்குச் செல்கிறது. இணையம் மந்தமான வீடுகளில் இதன் அருமை தெரியும். அதோடு, இவ்வாறு செல்பவை நாம் பணம் கட்டிப் பெற்ற சேமிப்பளவில் சேர்க்கப்படுவதுமில்லை.

கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு மண்டப விளக்கொளியில் செம்மஞ்சளாகத் தெரிந்தால், கைத்தொலைபேசியிலுள்ள லைட்ரூம் செயலியிலேயே வெள்ளைச் சமநிலையைத் திருத்தலாம். அந்தத் திருத்தம் கணினியிலும், உறவினருக்கு அனுப்பிய இணைய இணைப்பிலும் தானாகவே வந்துவிடுகிறது. தரவிறக்க அனுமதியும் நம் கையில்தான்.

ஆனால் ஒரே ஒரு கேட்டலாக்கை (படங்களின் விவரங்களும் திருத்தங்களும் பதியப்படும் கோப்பை) மட்டுமே ஒத்திசைக்க முடியும் என்பது பெரிய குறை. திருமணத்துக்கொரு கேட்டலாக் வைத்திருப்பவர்கள் தம் முறையையே மாற்ற வேண்டியிருக்கும். நாம் வகுத்த விதிப்படி தானாக நிரம்பும் ஸ்மார்ட் தொகுப்புகளும் ஒத்திசைவதில்லை. முக்கியமாக, இதைக் காப்புப்பிரதியென்று யாரும் நம்பிவிடக் கூடாது: வன்தட்டுப் பழுதானால் கிளவுட்டில் எஞ்சுவது அந்தச் சிறிய படமே, பெரிய அல்பத்தில் அச்சிட அது போதாது. ஆகவே மூலப்படங்களை இன்னொரு வன்தட்டிலும் கட்டாயம் வைத்திருங்கள்.