நான்காம் எண்ணைப் பின்தொடர்ந்து: ஃபிஃபா பிளஸ் ஆட்டக் காப்பகம்

அமெரிக்கப் பெண்கள் கால்பந்துத் தேசிய அணிக்காக 219 ஆட்டங்கள் ஆடி, அவற்றில் ஒரு கோல்கூட அடிக்காத ஒருவருடைய ஆட்டத்தை எங்கே போய்ப் பார்ப்பது? நான்காம் எண் சட்டை அணிந்த நடுத் தடுப்பாட்ட வீராங்கனையும் பின்னாளில் அணித்தலைவியுமான பெக்கி சாவர்பிரன் 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தபோது, அவரைப் பற்றி எழுதப்பட்ட புகழுரைகளை எல்லாம் படித்துவிட்டு, அந்தப் புகழுக்குரிய ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இணையத்தில் தேடினேன். கிடைத்தவை பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடச் சுருக்கக் காணொளிகள். அவற்றில் கோலடிக்கும் அணித்தோழிகள் இருந்தார்கள்: அலெக்ஸ் மார்கன் இருந்தார், மேகன் ரபினோ இருந்தார், கார்லி லாய்ட் இருந்தார். சாவர்பிரன் தெளிவாகத் தென்பட்ட இடங்கள் இரண்டே இரண்டு. 2019 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராகத் தன் கோலின் முன்னால் பந்தைப் பறிகொடுத்தது ஒன்று. அதே போட்டியின் அரையிறுதியில் இங்கிலாந்துக்குப் பெனால்டி கொடுத்தது மற்றொன்று.

சுருக்கக் காணொளி தடுப்பாட்டக்காரருக்குச் செய்யும் அநீதி இதுதான். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தால் திரையில் எதுவுமே நடப்பதில்லை; எதுவும் நடக்காததை யாரும் வெட்டி ஒட்டி வெளியிடுவதில்லை. ஆகவே அவரைப் பார்ப்பதற்கு முழு ஆட்டம் வேண்டும், தொடக்க விசிலிலிருந்து கடைசி விசில் வரை. அந்தத் தேவையோடுதான் ஃபிஃபா பிளஸ் சேவைக்குள் நுழைந்தேன். ஏறத்தாழ ஒரு மாதம், இரவு உணவுக்குப் பின் ஒரு ஆட்டம் என்ற கணக்கில் பார்த்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா இந்தச் சேவையை 2022 ஏப்ரல் 12 அன்று கட்டணமில்லாமல் தொடங்கியது. நேரலை ஆட்டங்களோடு, ஒளிப்பதிவு செய்யப்பட்ட ஆண்கள், பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்கள் அனைத்தையும் சேர்த்து வைக்கும் காப்பகமாகவும் இது இருக்கும் என்று அப்போது அறிவித்தது. நேரலையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை; எனக்கு வேண்டியிருந்தது காப்பகம் மட்டுமே. பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்களை முழு நீளத்தில், எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி, பின்னே ஓட்டி, மறுபடி பார்க்க முடிவதே ஒரு பெரும் கொடை. பெண்கள் ஆட்டங்களின் பழைய பதிவுகள் எவ்வளவு அரிதாகக் கிடைத்துவந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இது மிகைப்பேச்சாகத் தோன்றாது.

முதலில் பார்த்தது 2011 ஜூலை 13 அன்று ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக் நகரில் பிரான்சுக்கு எதிராக நடந்த அரையிறுதி. அதற்கு மூன்று நாள் முன்பு பிரேசிலுக்கு எதிரான காலிறுதியில் ரேச்சல் பூலருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டதால், அவருடைய இடத்தில் சாவர்பிரன் இறங்கினார். உலகக் கோப்பையில் அவருடைய முதல் ஆட்டமே அரையிறுதி! அருகில் நின்றவர் அணித்தலைவி கிறிஸ்டி ராம்போன், வயது 36. அமெரிக்கா 3-1 என்று வென்றது. பிரான்சின் ஒரே கோல், சோனியா போம்பாஸ்டோர் இடப்புறத்திலிருந்து அனுப்பிய பந்து யார் காலிலும் படாமல் நேரே வலைக்குள் போனதால் வந்தது. இறுதியாட்டத்தில் பூலர் திரும்ப வந்துவிட்டதால் சாவர்பிரன் மறுபடி வெளியே அமர்ந்தார். ஜப்பான் பெனால்டிகளில் கோப்பையை வென்றது. ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஒரு போட்டி முழுவதும் தயாராகக் காத்திருந்தவரின் ஆட்டம் என்ற நினைவோடு இந்த அரையிறுதியைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு நிமிடமும் கனம் கூடித் தெரிகிறது.

அந்தக் காத்திருப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் 1985 ஜூன் 6 அன்று பிறந்து, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்ற இவர், 2008 ஜனவரியில் சீனாவில் கனடாவுக்கு எதிராகத் தேசிய அணிக்கு அறிமுகமானார். அந்த முதல் ஆட்டத்திலேயே மூக்கு உடைந்தது. அணியில் நிலையான இடம் பெற அதன்பின் பல ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் வாஷிங்டன் ஃப்ரீடம் அணிக்கு ஆடினார், நார்வேயின் ரோவா அணிக்கும் ஆடினார். அமெரிக்காவில் இருந்த பெண்கள் தொழில்முறை லீக் 2012இல் மூடப்பட்டதையும் கண்டார். இவை எதுவும் இந்தக் காப்பகத்தில் இல்லை. ஆனால் இவற்றை அறிந்துகொண்டு காப்பகத்துக்குள் போவது நல்லது.

இந்தச் சேவையின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது 2015ஆம் ஆண்டின் ஆட்டங்களில்தான். கனடாவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் அமெரிக்கா ஆடிய ஏழு ஆட்டங்களிலும் சாவர்பிரன் ஒரு நிமிடம்கூட விடாமல் களத்தில் இருந்தார். முதல் ஆட்டத்தின் 27ஆம் நிமிடத்தில் ஆஸ்திரேலியாவின் லீசா டி வன்னா ஒரு கோல் அடித்தார். அடுத்த கோல், இறுதியாட்டத்தின் 27ஆம் நிமிடத்தில் ஜப்பானின் யூகி ஓகிமி அடித்தது. இடைப்பட்ட 540 நிமிடங்களில் சுவீடன், நைஜீரியா, கொலம்பியா, சீனா, ஜெர்மனி ஆகிய ஐந்து அணிகளும் ஒரு கோலும் போடவில்லை. இந்த எண்ணைப் பத்திரிகையில் படித்தபோது அது எனக்கு ஒரு புள்ளிவிவரம். காப்பகத்தில் ஆட்டம் ஆட்டமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நெருக்கத்தில் அது கலைந்துபோகாமல் தப்பியது என்பது புரிந்தது. சுவீடனுடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்தில் இடப்புறத் தடுப்பாட்ட வீராங்கனை மெகன் கிளிங்கன்பெர்க் கோல் கோட்டில் நின்று எகிறித் தலையால் பந்தைக் குறுக்குக் கம்பத்தில் மோதவைத்துக் காப்பாற்றிய காட்சி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஜெர்மனிக்கு எதிராக மான்ட்ரியாலில் ஜூன் 30 அன்று நடந்த அரையிறுதியை நான் மூன்று முறை பார்த்தேன். எதிரில் இருந்தது அந்தப் போட்டியில் ஆறு கோல் அடித்துத் தங்கக் காலணி பெற்ற செலியா சாசிச்சின் அணி. ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை கோல் இல்லை. அப்போது அலெக்சாண்ட்ரா பாப்பை ஜூலி ஜான்ஸ்டன் இழுத்துத் தடுக்க, ஜெர்மனிக்குப் பெனால்டி கிடைத்தது. சாசிச் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. பத்து நிமிடத்துக்குள் லாய்ட் மறுபுறத்தில் பெனால்டியைக் கோலாக்கினார். பிறகு கெல்லி ஓஹாரா இரண்டாவது கோலை அடித்தார். சுருக்கக் காணொளியின் கதை இவ்வளவுதான். முழு ஆட்டத்தில் நான் கவனித்தது வேறு. ஜான்ஸ்டனுக்கு அப்போது வயது 23. அருகில் நின்ற சாவர்பிரன் 30 வயதைத் தொட்டு மூன்று வாரங்களே ஆகியிருந்தன. இளையவர் முன்னே பாய்ந்து பந்தைப் பறிக்கும் இயல்பினர், மூத்தவர் ஓரடி பின்னே நின்று அந்தப் பாய்ச்சல் தவறினால் திறக்கும் இடத்தை முன்கூட்டியே மூடிவைக்கும் இயல்பினர். சாவர்பிரன் பெரும் வேகக்காரர் அல்ல. எதிரணியினர் பந்தை அனுப்பப்போகும் திசையை அவர்களுக்கு முன்பே அறிந்து, மூன்று நான்கு எட்டுகளில் அங்கே போய் நின்றுவிடுவார். அதனால் அவர் சறுக்கி விழுந்து பந்தைத் தடுக்கும் காட்சிகள் குறைவு. விழ வேண்டிய தேவை வராதபடி நிற்பதே அவருடைய கலை. அந்தக் கலையை நிறுத்தி நிறுத்திப் பார்க்க இந்தக் காப்பகம் போல வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அந்த இரண்டு தவறுகளுக்கு வருகிறேன். 2019 ஜூன் 24, பிரான்சின் ரான்ஸ் நகரம். ஒன்பதாம் நிமிடத்தில் கோல்காவலர் அலிசா நேயர் நெருக்கடியான நிலையில் கொடுத்த குறும் பந்தை வாங்கிய சாவர்பிரனிடமிருந்து லூசியா கார்சியா அதைப் பறிக்க, ஜெனிஃபர் எர்மோசோ கோலாக்கினார். அந்த உலகக் கோப்பையில் அமெரிக்கா வாங்கிய முதல் கோல் அது. சுருக்கக் காணொளி இந்த இடத்தில் ரபினோவின் இரண்டாவது பெனால்டிக்குத் தாவிவிடுகிறது. முழுப் பதிவில் இதற்குப் பின் எண்பது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் இருக்கிறது. அவ்வளவு நேரமும் ஸ்பெயின் இன்னொரு கோல் போடவில்லை. ஒரு தவறைச் செய்துவிட்டு அதே இடத்தில் நின்று மிச்ச ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று இளம் தடுப்பாட்டக்காரர்களுக்குக் காட்ட விரும்பும் பயிற்சியாளர்கள் இந்த எண்பது நிமிடத்தைப் போட்டுக் காட்டலாம்.

ஜூலை 2 அன்று லியோனில் நடந்த அரையிறுதி இன்னும் கடினமானது. அமெரிக்கா 2-1 என்று முன்னிலையில் இருக்க, கோலடிக்கக் காலை ஓங்கிய எலன் வைட்டைப் பின்னாலிருந்து சாவர்பிரன் தொட்டதைக் காணொளி மறுபார்வையில் கண்டு நடுவர் பெனால்டி கொடுத்தார். ஸ்டெஃப் ஹௌட்டன் உதைத்ததை நேயர் பிடித்துவிட்டார். ஐந்து நாள் கழித்து அதே நகரில் நெதர்லாந்துக்கு எதிரான இறுதியாட்டத்தில், தலை மோதி இரத்தம் வழிய, கட்டுப் போட்டுக்கொண்டு சாவர்பிரன் ஆடினார். நெதர்லாந்து கோல் எதுவும் அடிக்கவில்லை. அமெரிக்கா 2-0 என்று வென்றது. இந்த மூன்று ஆட்டங்களையும் இதே வரிசையில் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.

குறைகள் என்று சொன்னால், அவை இந்தச் சேவையின் எல்லையைச் சார்ந்தவை. இது ஃபிஃபா போட்டிகளின் காப்பகம். ஒலிம்பிக் ஒளிபரப்பு உரிமை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிடம் இருப்பதால், 2012 லண்டன் தங்கத்தையும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் சுவீடனிடம் பெனால்டிகளில் தோற்ற காலிறுதியையும், டோக்கியோவில் அணித்தலைவியாக அவர் வென்ற வெண்கலத்தையும் இங்கே தேட வேண்டாம். கிளப் ஆட்டங்களும் இல்லை. சாவர்பிரனைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு; ஏனென்றால் 2013இல் தொடங்கிய தேசியப் பெண்கள் லீக்கில் கான்சஸ் சிட்டி அணிக்காக 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவர் கோப்பை வென்றார். சிறந்த தடுப்பாட்ட வீராங்கனை விருதை நான்கு முறை பெற்றார்; முதல் மூன்று விருதுகள் 2013 முதல் தொடர்ந்து வந்தவை, நான்காவது 2019இல் யூட்டா ராயல்ஸ் அணிக்கு ஆடியபோது கிடைத்தது. 2022இல் போர்ட்லேண்ட் தார்ன்ஸ் அணியோடு மூன்றாவது கோப்பை, அப்போது வயது 37. பதினைந்து ஆண்டுத் தொழில் வாழ்க்கையின் அன்றாட உழைப்பு இருந்தது அந்த ஆட்டங்களில்தான். அவற்றைத் தேடி வேறொரு சேவைக்குச் சந்தா கட்டினேன். முழு ஆட்டம் என்று தலைப்பிட்டிருந்தவை இருபது நிமிடத் தொகுப்புகளாக இருந்தன. இரண்டாம் மாதம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

இன்னொரு எல்லை, எந்தத் தொலைக்காட்சிப் பதிவுக்கும் உள்ளது. கேமரா பந்தோடு ஓடுகிறது. பந்து எதிரணிக் கோலின் முன் இருக்கும்போது, நடுக்கோட்டருகே நின்று தன் வரிசையைச் சாவர்பிரன் எங்கே நிறுத்துகிறார், யாரைக் கூப்பிட்டு எங்கே நகர்த்துகிறார் என்பது சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. பயிற்சியாளர்கள் பயன்படுத்துவது போன்ற, மைதானம் முழுவதையும் உயரத்திலிருந்து காட்டும் பதிவுகளை இத்தகைய காப்பகங்கள் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். தடுப்பாட்டத்தை நேசிக்கும் பார்வையாளர்கள் பெருக அது ஒன்றே போதும்.

களத்துக்கு வெளியே அவர் செய்தவற்றை ஆட்டக் காப்பகத்தில் எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனாலும் இந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது அவையும் என் மனத்தில் உடன் ஓடின. 2016 மார்ச்சில் ஊதிய சமத்துவம் கேட்டு முறையீடு செய்த ஐந்து வீராங்கனைகளில் சாவர்பிரனும் ஒருவர். 2019இல் 28 வீராங்கனைகள் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் மீது தொடுத்த வழக்கு 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசமானது. ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சமமான ஒப்பந்தமும் அதே ஆண்டில் கையெழுத்தானது. அந்தக் காலத்தில் வீராங்கனைகள் சங்கத்தின் தலைவராக இருந்தவரும் அவரே. ரான்ஸிலும் லியோனிலும் தவறு செய்துவிட்டும் நிலைகுலையாமல் நின்றவர், தன் சொந்தச் சம்மேளனத்தோடு வழக்காடிக்கொண்டே அந்த ஆட்டங்களை ஆடினார் என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதை இன்னும் கூடுகிறது.

2023 உலகக் கோப்பைப் பதிவுகளில் நான்காம் எண்ணில் அவரைத் தேட வேண்டாம். பாதக் காயத்தால் அவர் ஆடவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் மான்ட்ரியால் அரையிறுதியிலிருந்து தொடங்கலாம். பெரிய திரையில் பாருங்கள். கைப்பேசியில் சட்டை எண் தெரியாது. முதல் பாதி முழுவதும் பந்தை மறந்துவிட்டு, அவர் சட்டகத்துக்குள் வரும்போதெல்லாம் அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இருபதாம் நிமிடம் வருவதற்குள், ஜெர்மனியின் அடுத்த பந்து எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரிய ஆரம்பிக்கும்.