கிணற்றடி ஹொப்ஸ் கொடியா, பொதியில் வரும் குளிசை ஹொப்ஸா?

ஜேர்மனியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு 2019 இன் கடைசியில் உரும்பிராய்க்குத் திரும்பியபோது, தாவரப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் அனுமதியை முன்கூட்டியே பெற்று, கூம்பு போன்ற பூக்களால் பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹொப்ஸ் கொடியின் இரண்டு வேர்த்தண்டுகளையும் கொண்டுவந்தேன். பார்வைக்கு அவை காய்ந்த மஞ்சட் கிழங்கு போல இருந்தன. பொங்கல் கழிந்த கையோடு, முன்பு முந்திரிகைப் பந்தல் நின்ற கிணற்றடியில் அவற்றை நட்டேன். மூன்று பருவங்கள் அந்தக் கொடியோடு பாடுபட்ட பிறகு, 2023 இல் இருந்து, உலர்ந்த கூம்புகளை அரைத்துக் குளிசையாக அழுத்திப் பொதியில் விற்கும் குளிசை ஹொப்ஸுக்கு மாறிவிட்டேன். இந்த இரண்டில் எதைத் தெரிவது என்று உறவினர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்பதால், நான் கண்டதை எழுதிவைக்கிறேன். என் சாய்வு குளிசையின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் தயாரிப்பது குற்றமாகும். ஆகவே இந்தக் கட்டுரையில் பியர் என்று வருவதெல்லாம், ஸ்ருட்காட் நகருக்கு அண்மையில் இருக்கும் என் தம்பியின் வீட்டில், அந்நாட்டுச் சட்டம் வீட்டுப் பாவனைக்கு அனுமதிக்கும் அளவுக்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து தயாரித்தது. உரும்பிராயில் நான் ஹொப்ஸைப் பயன்படுத்துவது நொதிக்காத இஞ்சிப் பானத்துக்கு மட்டுந்தான்.

ஹொப்ஸ் என்ன செய்கிறது என்பதைக் கள்ளைக் கொண்டு விளக்குவது எங்களவர்களுக்கு இலகு. காலையில் இறக்கிய பனங்கள்ளு மாலைக்குள் புளித்துப்போவதற்கு, கள்ளை நொதிக்கவைக்கும் மதுவத்தோடு சேர்ந்து பெருகும் இலற்றிக் அமில பக்ரீறியாக்களே பெரிய காரணம். கருப்பணிக்கு முட்டியில் சுண்ணாம்பு தடவும்போது நொதித்தலே தடைப்பட்டுவிடுகிறது. ஹொப்ஸின் கசப்புப் பொருட்களோ மதுவத்தை அதன் வேலையைச் செய்யவிட்டு, புளிக்கவைக்கும் பக்ரீறியாக்களையே பெரும்பாலும் அடக்குகின்றன. பியர் நாட்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும், 1516 இல் பவேரியாவில் பிறந்த பியர்த் தூய்மைச் சட்டம் வாற்கோதுமைக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் ஹொப்ஸையும் வைத்ததற்கும் இதில் பங்குண்டு.

விலை, இடம், அழகு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேர்த்தண்டு ஒருமுறைச் செலவு, குளிசை திரும்பத் திரும்ப வரும் செலவு. கொடிக்கு ஐந்து, ஆறு மீற்றர் உயரம் வேண்டும், குளிசைக்கு உறைபெட்டியில் ஒரு மூலை போதும். அழகில் கொடிதான் வெல்லும். அது எப்போதும் வலஞ்சுழியாகத்தான் ஏறும். ஒருநாள் அறியாமல் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன், மறுநாள் காலையில் கயிற்றிலிருந்து அவிழ்ந்து தொங்கியது. தண்டில் இருக்கும் கொளுக்கி மயிர்கள் கையில் பட்டால், நாணற்புல் கீறியது போல முழங்கை வரை சிவந்துவிடும்.

என் தெரிவைத் தீர்மானித்தது வெளிச்சம். ஹொப்ஸ் கொடி, நாள் நீண்டிருக்கும் காலத்தில் உயர்ந்து வளர்ந்து, நாள் குறுகத் தொடங்கும்போது பூக்கும் இயல்புடையது. உலகில் ஹொப்ஸ் பெரிதாக விளையும் நிலங்கள் ஏறத்தாழ 35 பாகைக்கும் 55 பாகைக்கும் இடைப்பட்ட அகலக்கோடுகளில் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். தம்பியின் ஊரில் ஆனி மாதத்துப் பகல் 16 மணிநேரம் நீளும். யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் உள்ளே இருப்பதால், இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணிநேரத்தைத் தொடுவதில்லை. அதனால் இங்கே நட்ட கொடி, நிலத்தை விட்டு எழும்பிய நாளிலிருந்தே பூக்கும் காலம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. குளிர்காலம் இல்லாததுதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கொடி பூப்பதற்குக் குளிர் கட்டாயம் அல்ல என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பகலின் நீளத்துக்குத்தான் மாற்று வழி தேட வேண்டியிருக்கிறது.

2020 இல் இதை நான் கண்ணால் கண்டேன். கொடி என் தலைக்குச் சற்று மேலே, ஏறக்குறைய இரண்டு மீற்றர் வந்ததும் நின்றுவிட்டது. பக்கக் கிளைகள் சரியாக விரியாமலே நுனியில் மயிர்போன்ற மொட்டுகள் வந்து, சித்திரையில் நகத்தளவுக் கூம்புகள் ஒரு கைப்பிடி கிடைத்தன. நோயோ பசளைக் குறையோ அல்ல, இலைகள் நல்ல பச்சையாகவே இருந்தன. வலிகாமத்துச் செம்மண்ணிலும் அதற்குக் குறையிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு விளக்குப் போட்டேன். பகல் வெட்டவெளிச்சம் அளவுக்கு வேண்டியதில்லை, கொடிக்கு இரவு இன்னும் வரவில்லை என்று உணர்த்தும் மெல்லிய ஒளி போதும். 15 வாற்று எல்ஈடி மின்குமிழ்கள் இரண்டை, மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை நேரக்கணிப்பு ஆளியில் எரியவிட்டேன். மாதத்துக்கு நான்கு அலகு மின்சாரம்கூடச் செலவாகவில்லை. கொடி நான்கு மீற்றரைத் தாண்டிப் பந்தலில் படர்ந்தது. சித்திரை முடிவில் விளக்கை நிறுத்தினேன், ஆடியில் கூம்புகள் முற்றின. பறித்தபோது 310 கிராம். சுளகில் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் மூன்று நாள் உலர்த்தி, நடுக்காம்பு வளையாமல் முறியும் பதம் வந்தபோது நிறுத்துப் பார்த்தால் 68 கிராம். ஒரு கூம்பைப் பிரித்து விரலால் தேய்த்தால் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டு தோடம்பழத் தோலின் வாசம் வந்தது. அந்த வாசத்தை எங்கள் கிணற்றடியில் நின்று முகர்ந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

மூன்றாம் ஆண்டுதான் எல்லாவற்றையும் முடிவுசெய்தது. அது 2022. மாசியிலிருந்து மின்வெட்டு தொடங்கி, பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை போனதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். என் விளக்கு எரியவேண்டிய மாலை நேரம் பல நாட்கள் இருட்டிலேயே போயிற்று. கொடி இரண்டரை மீற்றர் உயரத்தில் பூக்கத் தொடங்கியது, பூத்தபின் உயரமாக வளரவேயில்லை. ஒரு முழு ஆண்டுப் பராமரிப்பு, தண்ணீர், பசளை, கயிறு எல்லாம் சில கிழமை இருட்டினால் வீணாயின. இங்கே ஹொப்ஸ் வளர்ப்பதற்கு ஆகும் உண்மையான செலவு மின்கட்டணம் அல்ல, நூறு இரவுகள் தொடர்ச்சியாக விளக்கை அணையவிடாமல் காப்பதுதான். தென்னாபிரிக்காவில் ஜோர்ஜ் நகரை அண்டிய தோட்டங்கள் 34 பாகையில் இருந்தும், அங்கே முற்காலத்தில் வயல்களுக்கு விளக்குப் போட்டே வளர்த்தார்கள். குறுகிய பகலிலும் விளையும் இனங்களை அவர்கள் பின்னர் உருவாக்கிக்கொண்டார்கள். அந்த இனங்களை நான் நட்டுப் பார்த்ததில்லை, ஆகவே அவை இங்கே எப்படி வரும் என்று உறுதி சொல்லமாட்டேன். சூரியப் பலகையும் மின்கலமும் வைத்திருப்பவர்களுக்கு என் 2022 நேராமல் போகலாம்.

குளிசையிலும் குறை உண்டு. வெப்பமும் காற்றும் அதன் எதிரிகள். எங்கள் ஊரின் 30 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் திறந்த பொதியை அலுமாரியில் வைத்தால் சில மாதங்களில் வாசம் மங்கி, பழைய பாலாடைக்கட்டியின் நெடி வந்துவிடும். உறைபெட்டியில் இறுகக் கட்டி வைக்கவேண்டும். ஆனால் நன்றாக உறைந்த பொதி 13 மணிநேர மின்வெட்டைத் தாங்கிக்கொள்ளும்.

பியருக்கு என்று வரும்போது இன்னொன்றும் குளிசைக்குச் சார்பாக நிற்கிறது. ஹொப்ஸின் கசப்பு, அதிலுள்ள அல்பா அமிலத்தைக் கொதிக்கவைப்பதால் வருவது, ஒரு மணிநேரம் கொதித்தாலும் அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பியரில் சேரும். 20 லீற்றர் பியரில் லீற்றருக்கு 25 மில்லிகிராம் கசப்பு வேண்டுமானால், 2 கிராம் அல்பா அமிலத்தைப் பானையில் போடவேண்டும். அல்பா அமிலம் 4 சதவீதமுள்ள ஹொப்ஸ் என்றால் அதற்கு 50 கிராம் வேண்டும், 6 சதவீதம் என்றால் 33 கிராம் போதும். குளிசைப் பொதியில் அந்தச் சதவீதம் அச்சிடப்பட்டிருக்கிறது. தோட்டத்துக் கூம்பில் அதை யார் அச்சிடுவது? தம்பியின் வீட்டு வேலியில் ரெட்நாங் இனக் கொடி ஒன்று நிற்கிறது. அதிலிருந்து அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஒரே 50 கிராம் போட்டுத் தயாரித்தோம். முதலாண்டு மென்மையாக இருந்தது. மறுவருடம் தம்பி ஒரு மிடறு குடித்துவிட்டு, “அண்ணை, இது போன வருஷத்துப் பியர் இல்லை” என்றார். கசப்பு அடிநாக்கில் நெடுநேரம் நின்றது. குளிசையோடு அப்படி ஒருபோதும் நேரவில்லை.

ஒரே இடத்தில் மட்டும் தோட்டத்துக் கூம்பை எதுவும் வெல்லாது. பறித்த அன்றே உலர்த்தாமல் பச்சையாகப் போட்டால், புல்லும் பழமும் கலந்த ஒரு வாசம் வரும், அதைப் பொதியில் வாங்க முடியாது. பச்சைக் கூம்பில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால், உலர்ந்ததைப் போல நான்கைந்து மடங்கு வேண்டும். ஆகவே ஐரோப்பாவிலோ கனடாவிலோ தோட்டம் உள்ள எங்களவர்களுக்கு நான் சொல்வது வேறு: கொடியை நடுங்கள், மூன்றாம் ஆண்டு வரை பொறுங்கள், கசப்புக்குக் குளிசையைக் கணக்குப் பார்த்துப் போட்டுவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் உங்கள் கூம்பைப் போடுங்கள்.

இங்கே என் இஞ்சிப் பானம் இப்படித்தான்: நான்கு லீற்றர் தண்ணீரில் இடித்த இஞ்சியும் பனங்கட்டியும் போட்டுக் கொதித்ததும், மூன்று கிராம் குளிசையைத் துணியில் முடிந்து பத்து நிமிடம் விட்டு எடுத்து, ஆறியபின் தேசிக்காய் பிழிந்து குளிரவைக்கிறேன். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் செய்தால் கசப்பு முரடாகிறது, மழைநீர்த் தொட்டித் தண்ணீரில் செய்தால் இதமாக இருக்கிறது. கொதித்துப் பிழிந்த ஹொப்ஸ் சக்கையை நாய் எட்டாத ஆழத்தில் புதைக்கவேண்டும். அது நாய்களுக்கு நஞ்சு, உடற்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகக்கூடும்.

கொடியை நான் பிடுங்கவில்லை. விளக்கைக் கழற்றிவிட்டேன், தன் போக்கில் இரண்டு மீற்றர் ஏறிக் கிணற்றடிக்குக் கொஞ்சம் நிழல் தருகிறது. சித்திரையில் வரும் அந்த ஒரு கைப்பிடிக் கூம்பை, அடுப்பை அணைத்தபின் இஞ்சிப் பானத்தில் பச்சையாகப் போட்டு மூடிவைக்கிறேன்.