வாசிப்பு: வீடா, பள்ளியா?

எழுத்தறிவிப்பதில் பள்ளிதான் முதலிடம். 247 எழுத்துகளையும் முறையாகச் சொல்லித்தர எல்லா வீடுகளிலும் ஆளில்லை. 2022இல் தொடங்கிய தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் அதற்காகவும்தான் வந்தது. ஆனால், வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிக்க எத்தனை நிமிடம் கிடைக்கும்?

சரளம் வீட்டில்தான் வருகிறது. காசிமேட்டில் மீன் விற்கும் என் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் தினமும் இரவு மகளை உட்காரவைத்து, “அப்புறம் என்ன ஆனது? படி கண்ணு” என்பார். சிறுமி ‘தோணி’யைத் ‘தொணி’ என்று படித்தாள். “தோணியா?” என்று காதாலேயே திருத்தினார் அம்மா. எத்தனை அழகான பாடம் அது! ஒற்றைக்கொம்பு எது, இரட்டைக்கொம்பு எது என்பதை மட்டும் மறுநாள் ஆசிரியர்தான் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.