இணைபிரியாத இரண்டு ராக்டால் பூனைகள்: ‘வீட்டிலிருந்து வீட்டுக்கு’ சேவை பற்றிய மதிப்புரை

பிரிட்டனில் பூனைகளுக்குப் புதிய வீடு தேடித் தரும் அறக்கட்டளைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செயல்படுகின்றன. பூனையைத் தங்கள் காப்பகத்துக்குக் கொண்டுவந்து, கூண்டறையில் வைத்துப் பராமரித்து, விரும்பி வருவோருக்குக் காட்டித் தத்துக் கொடுப்பது ஒரு வழி. 1883 முதல் பூனைகளையும் ஏற்றுவரும் லண்டனின் பாட்டர்சீ காப்பகம் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. பூனை தன் பழைய வீட்டிலேயே இருக்க, அமைப்பு இடையில் நின்று தகுந்த குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு நேராகப் போய்ச்சேரச் செய்வது மற்றொரு வழி. 1927இல் தொடங்கப்பட்ட கேட்ஸ் புரொடெக்‌ஷன் இதனை ‘ஹோம் டு ஹோம்’ என்றும், புளூ கிராஸ் ‘ஹோம் டைரக்ட்’ என்றும் அழைக்கின்றன. நாங்கள் ஏழு வயதான இரண்டு ராக்டால் பூனைகளை இந்த இரண்டாம் வழியில், தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறிய அமைப்பின் மூலம் தத்தெடுத்தோம். ஒரே ஈற்றில் பிறந்த ஆணும் பெண்ணும். இரண்டுக்கும் கருத்தடை செய்யப்பட்டிருந்தது. பிறந்தது முதல் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. அவற்றை வளர்த்த அம்மையார் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அவற்றைப் பிரிய நேர்ந்தது.

வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த பூனைகளுக்கு இந்த வழி எவ்வளவு பொருத்தமானது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூனை தான் வாழும் இடத்தோடு ஒட்டிப் பழகும் விலங்கு. தன் வாசனை படிந்த சுவரும் நாற்காலியும் அதற்குப் பாதுகாப்பு. அவற்றை ஒரேயடியாக இழந்து அறியாத நாய், பூனைகளின் ஓசைக்கு நடுவே அடைபடும்போது பல பூனைகள் உண்பதை நிறுத்திவிடுகின்றன. மற்ற பல விலங்குகள் தாங்குவதுபோலப் பூனையால் பட்டினியைத் தாங்க முடியாது. சில நாள்கள் உண்ணாமலிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதிலும் உடல் பருத்த பூனைகளுக்கு ஆபத்து மிகுதி. காப்பகங்களில் நல்ல மனிதர்கள் பெரும் உழைப்பைச் செலுத்துகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தவிர்க்கக்கூடிய ஓர் இடமாற்றத்தைத் தவிர்ப்பதே பூனைக்குச் செய்யும் முதல் உதவி என்று கருதுகிறேன்.

இந்தச் சேவையில் என் மதிப்பை முழுமையாகப் பெற்றது, இவை உண்மையிலேயே பிரிக்கக் கூடாத ஜோடிதானா என்று அவர்கள் ஆராய்ந்த விதம். உடன்பிறந்தவை என்பதாலோ பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவை என்பதாலோ இரண்டு பூனைகள் நெருக்கமானவை ஆகிவிடுவதில்லை. பூனை தனித்து வேட்டையாடும் குலத்தைச் சேர்ந்தது. ஒரு வீட்டை நேரப்படியும் அறைப்படியும் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று சகித்து மட்டுமே வாழும் பூனைகள் ஏராளம். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தே கொடுப்பது அவற்றுக்கு நன்மையாகாது. ஒட்டி வாழும் இரண்டைப் பிரிப்பதோ கொடுமை. எனவே அந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளர், அம்மையாரின் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வெவ்வேறு வேளைகளில் எடுத்த காணொளிகளைக் கேட்டுப் பெற்றார். ஒன்றின் தலையையும் கழுத்தையும் மற்றொன்று நக்கிவிடுகிறதா, எதிர்ப்படும்போது வாலை நிமிர்த்தி உடலோடு உரசிச் செல்கின்றனவா, இடம் தாராளமாக இருந்தும் தொட்டுக்கொண்டே உறங்குகின்றனவா, உணவுக் கிண்ணத்தையும் மலசலம் கழிக்கும் மணல் தட்டையும் ஒன்று மறித்து மற்றொன்றைக் காக்க வைக்கிறதா என்பனவற்றையெல்லாம் குறித்து வைத்திருந்தார். நாங்கள் அந்த வீட்டுக்குச் சென்றபோது அவர் எழுதியிருந்தவற்றை எங்கள் கண்ணாலேயே காண முடிந்தது. ஆண் பூனை எங்களிடம் உடனே வந்தது. பெண் பூனை சோஃபாவின் பின்னால் இருந்து அதனைப் பார்த்துப் பார்த்து, பிறகுதான் மெல்ல வந்தது. தன் துணை இல்லாமல் அந்தப் பெண் பூனை ஒரு புதிய வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணவே மனம் வருந்தியது.

விண்ணப்பித்தவர்களில் பலர் ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறார்கள். நீலக் கண்களும் பட்டுப் போன்ற உரோமமும் உடைய இனம் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் இரண்டையும் சேர்த்தே தருவது என்ற நிபந்தனையை அமைப்பு எவருக்காகவும் தளர்த்தவில்லை. ஒப்பந்தத்திலும், எங்களால் வளர்க்க முடியாமல் போனால் இரண்டையும் சேர்த்தே அமைப்பிடம் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது.

வீட்டுச் சோதனை கண்டிப்பானது. அதன் ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தது. இங்குள்ள சன்னல்கள் பெரும்பாலும் வெளிப்புறமாகத் திறப்பவை, வலை இல்லாதவை. எனவே முழுவதும் திறக்காதபடி தடுப்புப் பொருத்தச் சொன்னார்கள். இரண்டு பூனைகளுக்கு மூன்று மணல் தட்டுகள், அவையும் வெவ்வேறு இடங்களில். ஏறி அமர உயரமான தட்டுகள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி. லில்லி மலர்க்கொத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்றும் எழுதித் தந்தார்கள், ஏனெனில் அதன் மகரந்தம் உரோமத்தில் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகக்கூடும். அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வெளியே உலவிப் பழகிய பூனைகளைத் தோட்டமில்லாத வீடுகளுக்குத் தர இந்நாட்டு அறக்கட்டளைகள் தயங்குவது வழக்கம், உள்ளேயே வளர்ந்த இத்தகைய ஜோடிகளுக்கு உங்கள் வீடு நன்கு ஏற்றதாக இருக்கலாம், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

ஆவணங்கள் ஒழுங்காக இருந்தன. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், பிறந்து 20 வாரம் நிறைவதற்குள் பூனைக்குத் தோலடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லைப் பொருத்துவது கட்டாயம். தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே என்பதால், அந்த எண்ணுக்குரிய பதிவகத்தில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் மாறாவிட்டால் அதனால் பயனில்லை. அந்த மாற்றத்தை அமைப்பே எங்களுடன் அமர்ந்து முடித்தது. 1910இல் நிறுவப்பட்ட பூனை இனப் பதிவு மன்றமான ஜிசிசிஎஃப் வழங்கிய வம்சாவளிச் சான்றிதழ்களும் கைக்கு வந்தன. அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது மரபணுச் சோதனை முடிவு. ராக்டால் இனத்தில் இதயத் தசை தடிக்கும் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று அறியப்பட்டுள்ளது. இரண்டு பூனைகளுக்கும் அது இல்லை. அந்த முடிவு நோயே வராது என்பதற்கு உறுதி ஆகாது, எனவே ஆண்டுதோறும் இதயத் துடிப்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

குறை என்று சொல்ல வேண்டியது பல் பற்றிய தகவல். பெண் பூனைக்கு ஈறு அழற்சி இருந்ததும் பல் பிடுங்க நேரலாம் என்பதும் பழைய மருத்துவக் குறிப்பில் இருந்தன. ஆனால் அந்தக் குறிப்பு நாங்கள் சம்மதம் தெரிவித்த பிறகே எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் முடிவு மாறியிருக்காது. ஆயினும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை என்பதால், குறைந்த வருமானமுள்ள ஒரு குடும்பத்துக்கு இது பெரும் சுமையாகியிருக்கும். அறிவிப்பிலேயே இனத்தின் பெயருக்கு அடுத்த வரியில் உடல்நிலை இடம்பெற வேண்டும். வார இறுதியில் அவர்களின் தொலைபேசியை எவரும் எடுப்பதில்லை. பெரும்பாலானவர்கள் பூனையைக் கூட்டிவருவது சனிக்கிழமையில்தான் என்பதால் இதனையும் அவர்கள் சரிசெய்ய வேண்டும்.

வந்த பிறகான அறிவுரைகள் தெளிவானவை. முதலில் ஒரே அறை. துவைக்காத பழைய போர்வைகள். அதே உணவு, அதே வகை மணல். கால்நடை மருத்துவரிடம் ஒன்றுக்கு மட்டும் வேலை இருந்தாலும் இரண்டையும் அழைத்துச் செல்லுங்கள் என்றார்கள்: தனியே போய் மருந்து வாடையோடு திரும்பும் பூனையை, கூடவே வளர்ந்த துணைகூட அடையாளம் காணாமல் சீறித் தாக்குவது உண்டு. பல் சிகிச்சையின்போது அப்படியே செய்தோம். சிறு சலசலப்பும் இல்லை.

அவர்கள் தந்த குறிப்பேட்டில் இல்லாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஏழு வயதில் வரும் ஜோடியில் ஒன்று முன்னே இறந்துபோவது பெரும்பாலும் நடக்கவே செய்யும். எஞ்சும் பூனையின் உணவையும் உறக்கத்தையும் எவ்வாறு கவனிப்பது, உடனே வேறொரு பூனையைக் கொண்டுவருவது ஏன் உசிதமல்ல, எவ்வளவு நாள் பொறுத்துப் பார்ப்பது என்பன பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பிரிக்கக் கூடாது என்பதில் இவ்வளவு உறுதியாக இருப்பவர்கள் அந்தப் பக்கத்தையும் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.