கிரேக்க ராட்சசக் காசு செட்டு: ஆட்டுத் தலை எங்கய்யா?

ஆன்லைன்ல ஒரு கடைல, பேரு வேணாம் விடுங்க, பழைய கிரேக்க நாணயங்களோட ரெப்ளிகா, அஞ்சு காசு செட்டு, 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். பையனுக்குன்னு சொல்லித்தான் ஆர்டர் போட்டேன், ஆனா வந்த நாள்லேந்து லென்ஸும் கையுமா உக்காந்திருக்கறது நான்தான்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். மெதூசா (தலைமுடிக்குப் பதிலா பாம்பு இருக்கற ராட்சசி) காசு சூப்பர். ஒரிஜினல் நெயாப்போலில, இப்ப கவாலான்னு சொல்ற ஊர்ல, கிட்டத்தட்ட 2,500 வருஷம் முன்னாடி அடிச்சது. பல்லக் காட்டி நாக்க வெளிய தொங்கவிட்ட மூஞ்சி, அப்படியே திருஷ்டி பொம்மதான், வேலையும் அதேதான், கெட்டத விரட்டறது. அந்த நாக்க நல்லா ஆழமாவே எடுத்திருக்காங்க, விரல வச்சா தட்டுது. நோசஸ் ஊரு மினோடார் (மாட்டுத் தலை, மனுஷ உடம்பு) காசும் பரவால்ல, பின்பக்கம் இருக்கற லேபிரிந்த்ல, அதான் சுத்திச் சுத்திப் போற புதிர்ப் பாதை, பையன் நகத்தாலயே வழி தேடிட்டு இருந்தான், கிடைக்கல, அழுகை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த செட்ட நான் வாங்கினதே ரெண்டு காசுக்காக. கொரிந்துல பெகாசஸ்ன்ற இறக்கை வச்ச குதிரையப் போட்டாங்க (பைபிள்ல கொரிந்தியருக்கு கடிதம் வருதுல்ல, அதே கொரிந்துதான்), பக்கத்து ஊரு சிசியோன் கைமீரான்ற ராட்சச மிருகத்தப் போட்டுச்சு. கதைல பெல்லரஃபோன்ற வீரன் அந்தப் பறக்கற குதிரைல ஏறிப் போயிதான் கைமீராவக் கொல்லுவான், ஆக அடிச்ச பார்ட்டி ஒரு ஊரு காசுல, அடி வாங்கின பார்ட்டி பக்கத்து ஊரு காசுல, ஹீரோ பாவம் ரெண்டுலயும் இல்ல. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு அவ்வளவு ஆசை.

கைமீரான்னா என்ன, முன்னாடி சிங்கம், வால் பாம்பு, முதுகு நடுவுல முளைச்சு நிக்கற ஆட்டுத் தலை. ஒரிஜினல்ல அந்த ஆட்டுக் கொம்பு வரைக்கும் தெரியும். இதுல? ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு. அவ்வளவுதான். பையன் "அப்பா சிங்கத்துக்கு முதுகுல கட்டி"ன்றான். பெகாசஸ்ல இறக்கை அழகு, குறை சொல்ல முடியாது, ஆனா வயித்துக்குக் கீழ கொப்பான்னு ஒரு எழுத்து இருக்கணும், வட்டமும் கீழ ஒரு குச்சியுமா லாலிபாப் மாதிரி இருக்கும், கொரிந்துன்ற ஊர்ப் பேரோட முதல் எழுத்தே அதுதான், மத்த கிரேக்கர்கள் அந்த எழுத்த விட்டப்புறமும் கொரிந்துக்காரங்க காசுல விடாமப் போட்டுட்டு இருந்தாங்க. இவங்க ஏதோ அழுக்குன்னு நினைச்சு வழிச்சுட்டாங்க போல.

அஞ்சாவது அலெக்சாண்டர் வெள்ளிக் காசு. ஒரிஜினல் 17 கிராம் இருக்கும், இத நகைக்கடைத் தராசுல வச்சா 11 கூட வரல. சிங்கத்தோல தலைல போட்டுட்டு இருக்கறது ஹெர்குலிஸ், கூட வந்த அட்டைல 'மாமன்னர் அலெக்சாண்டர்'னு போட்டிருக்காங்க, சரி பாதிப் பேரு அப்படித்தான் நினைக்கறாங்க, அவரும் நாங்க ஹெர்குலிஸ் வம்சம்னு சொல்லிக்கிட்டவர்தானே, மன்னிச்சு விட்டுடலாம்.

மன்னிக்க முடியாதது, அஞ்சும் கேரம் காயின் மாதிரி அச்சு பிசகாம வட்டம். அந்தக் காலத்துல சுட்ட வெள்ளிய ரெண்டு அச்சுக்கு நடுவுல வச்சு சம்மட்டியால ஓங்கி அடிப்பாங்க, ஓரம் வெடிக்கும், படம் ஒரு பக்கமா தள்ளிப் போகும், குதிரைக்கு மூக்கே கூட போயிடும், அதுதானே அதோட அழகே. இது அச்சுல உருக்கி ஊத்தினது, விளிம்புல சுத்தி கோடு தெரியுது. 'காப்பி'ன்னு முத்திரையும் எங்கயும் இல்ல, அமெரிக்கால 1973லயே அதுக்குச் சட்டம் போட்டுட்டாங்க, நாளைக்கு யாராவது இத ஒரிஜினல்னு எவன் தலைலயாவது கட்டிட்டா?

மூணு ஸ்டார். அதுல ரெண்டு மெதூசா நாக்குக்கு. கைமீராவ மட்டும் மாத்திக் குடுங்க, ஆட்டுத் தலை இல்லன்னு மெசேஜ் போட்டேன், "சார் சிங்கம் நல்லாத்தானே இருக்கு"ன்னு பதில் வந்துச்சு.