பக்கவாதத்துக்குப் பிறகு: வீட்டுக்கு வரும் பிசியோவா, கே.கே.நகரா, வேலூரா?

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் செயலிழந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தந்த தாளில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரே ஒரு வரி. யாரிடம், எத்தனை நாள் என்று கேட்கக்கூட அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

தெருவில் விசாரித்து, வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் ஒருவரை அமர்த்தினோம். நல்ல மனிதர்; நாள் தவறாமல் வந்தார். அப்பா எழுந்து நின்றது அவர் கையைப் பிடித்துத்தான். ஆனால் இரண்டாவது மாதத்தில் வலது கை விரல்கள் இறுக மூடிக்கொண்டன. நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகியது. ஈரத்துணியால் துடைக்க விரலைப் பிரித்தாலே அப்பா அலறுவார். அந்த இறுக்கத்துக்கு மாத்திரை உண்டு, தசையில் போடும் போட்டாக்ஸ் ஊசி உண்டு. அவற்றை எழுதித் தரும் அதிகாரம் பிசியோவுக்கு இல்லை. அதற்கென்று எம்.டி. படித்த மறுவாழ்வு மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நரம்பு மருத்துவர் மூளையைப் பார்க்கிறார், எலும்பு மருத்துவர் மூட்டைப் பார்க்கிறார். மறுவாழ்வு மருத்துவரோ, இந்த மனிதர் கழிப்பறைக்குத் தானாகப் போவாரா, சோற்றைத் தானாகப் பிசைந்து சாப்பிடுவாரா என்று பார்க்கிறார். தசை இறுக்கம், தோள்வலி, சிறுநீர் அடங்காமை, படுக்கைப் புண் எல்லாம் அவர் கவனத்துக்குள் வரும். பயிற்சியைச் செய்விப்பவர் பிசியோதான். எந்தப் பயிற்சி, எப்போது மருந்து, எப்போது காலுக்குத் தாங்கி என்று திட்டம் வகுப்பவர் இவர்.

அவரை எங்கே தேடுவது? சென்னையில் இருப்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. செயற்கைக் கால், காலிபர் எனப்படும் கால்தாங்கி, கைத்தாங்கி செய்யும் பட்டறை அங்கேயே இருப்பது பெரிய வசதி: அளவெடுத்த இடத்திலேயே போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கையில் பணம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் வேறு வகை. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே தங்கிச் சிகிச்சை பெறலாம். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று வீட்டாரும் பழகிக்கொள்ளலாம். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு, தூரத்தைப் பாராமல் வேலூரைத்தான் சொல்வேன். ஆனால் இடம் இருக்கிறதா என்று கேட்காமல் புறப்படாதீர்கள். பக்கவாதத்துக்கு, உள்ளூரிலேயே மருத்துவர் இருந்தால், வாரக்கணக்கில் வெளியூரில் தங்கும் செலவு எல்லோருக்கும் தேவைப்படாது.

பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இந்தத் துறை உண்டு. நேரம் வாங்கிக்கொண்டு போகலாம், காத்திருப்பு குறைவு, செலவு கூடுதல். ஒன்றைக் கவனியுங்கள்: "ரீஹாப் சென்டர்" என்று பலகை வைத்த எல்லா இடங்களிலும் மருத்துவர் இருப்பதில்லை. "எம்.டி. அல்லது டி.என்.பி. பி.எம்.ஆர். படித்தவர் யார், எந்த நாளில் வருகிறார்?" என்று போனிலேயே கேளுங்கள். பி.எம்.ஆர். என்பது இந்த மறுவாழ்வு மருத்துவத் துறையின் ஆங்கிலச் சுருக்கம்; எம்.டி., டி.என்.பி. இரண்டும் அதில் வாங்கும் மேற்படிப்புப் பட்டங்கள். பெயர் சொன்னால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவில் பார்த்துக்கொள்ளலாம்.

சிறிய ஊர்களில், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் துறை இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. நடமாட முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. அதைப் பெற்றுக்கொண்டே, ஒருமுறையாவது மறுவாழ்வு மருத்துவரிடம் அழைத்துப் போய்விடுங்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில்தான் தேறுதல் வேகமாக இருக்கும். நாங்கள் அதில் இரண்டைத் தொலைத்தோம்.

போகும்போது ஸ்கேனோடு, நோயாளி கட்டிலிலிருந்து குளியலறை வரை நடப்பதைப் போனில் படம் பிடித்தும் எடுத்துப் போங்கள். எங்கள் மருத்துவர் ஸ்கேனை ஒருமுறைதான் பார்த்தார். குளியலறைப் படியில் அப்பாவின் வலது கால் பெருவிரல் இடறிய அந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, கணுக்காலுக்குத் தாங்கி எழுதிக் கொடுத்தார்.